ஜப்பானிய வீட்டில் காலணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானுக்குப் படிக்கவும் வேலைக்கும் போகிறவர்கள், ஜப்பானிய மொழி கற்கத் தொடங்கியிருப்பவர்கள், அந்நாட்டுத் தொடர்களையும் அனிமேயையும் விரும்பிப் பார்க்கிறவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஜப்பானியச் சொற்களை ஒலிப்புக்கு நெருக்கமாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். 'க்க', 'த்த' என்று இரட்டித்து வரும் பல இடங்களில் அது வல்லோசையைக் காட்டத்தான்; அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவது நமக்கும் பழக்கம்தானே. புதிதாகக் கற்க என்ன இருக்கிறது?

கழற்றுவது பொது. கழற்றும் இடமும் அதற்குப் பிறகு நடப்பதும் வேறு. நாம் பெரும்பாலும் வாசலுக்கு வெளியே, படிக்கட்டிலோ திண்ணை ஓரத்திலோ செருப்பை விடுகிறோம். பிறகு வீடு முழுக்க வெறுங்கால்தான். ஜப்பானில் கதவைத் திறந்து உள்ளே வந்து, கதவைச் சாத்திய பிறகுதான் காலணியைக் கழற்றுவார்கள். அதற்கென்றே கதவுக்குப் பின்னால் தாழ்வான ஒரு சிறு இடம் இருக்கிறது. அங்கிருந்து மேலே ஏறினால் மரத்தரையில் நடக்க ஒரு காலணி, பாய் அறைக்குள் காலணியே இல்லை, கழிப்பறைக்குள் நுழைந்தால் இன்னொரு காலணி என்று மாறிக்கொண்டே போகும்.

இத்தனை மாற்றங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்: ஜப்பானில் காலணி எது என்பதைத் தரைதான் முடிவு செய்கிறது. ஒவ்வொரு தரைக்கும் ஒரு தகுதி உண்டு. ஒரு தரையின் அழுக்கை அதைவிட மேலான தரைக்குக் கொண்டுபோகக் கூடாது. கீழே வரும் பழக்கங்களையும் பெரும்பாலான சொற்களையும் இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

அந்தத் தாழ்வான இடத்துக்கு என்ன பெயர்?

முன்வாசல் பகுதி முழுவதற்கும் 'கெங்கான்' என்று பெயர். ஜப்பானிய மொழி கற்பவர்கள் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டிய சொல் இது. பௌத்த மரபிலிருந்து வந்தது. ஆழ்ந்த ஞானத்துக்குள் நுழையும் வாயில் என்ற பொருளில் ஜென் மடாலயங்களின் நுழைவாயிலைக் குறித்தது. பிறகு சாமுராய்களின் மாளிகைகளுக்கு வந்தது. எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) முறையான கெங்கான் அமைத்துக்கொள்வது அந்தஸ்துள்ளவர்களின் உரிமையாக இருந்தது. 1868இல் தொடங்கிய மெய்ஜி காலத்திலிருந்துதான் சாதாரண வீடுகளிலும் பரவியது. இன்று ஒற்றை அறை வாடகை வீட்டிலும் கெங்கான் உண்டு. இரண்டு ஜோடி காலணி வைக்குமளவு சிறிதாக இருந்தாலும் இருக்கும்.

கெங்கானுக்குள் மூன்று பகுதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காலணியோடு நிற்கும் கீழ்த்தரை 'தத்தாக்கி'. மண், சுண்ணாம்பு, கடலுப்பிலிருந்து பிரியும் நிகரி என்ற கசப்பு நீர் ஆகிய மூன்றையும் கலந்து, அடித்து இறுக்கிச் செய்த தரை என்பதால் அதை எழுதும் எழுத்துக்களில் 'மூன்று', 'மண்' என்பவை இருக்கின்றன. இன்று அந்த இடத்தில் ஓடோ சிமெண்டோ இருக்கும். பெயர் மட்டும் மாறவில்லை. தத்தாக்கியிலிருந்து உள்தரைக்கு ஏறும் விளிம்பில் குறுக்கே ஒரு மரச்சட்டம் ஓடும். அதற்கு 'அகரிகமாச்சி' என்று பெயர். உள் வெளி எல்லை உண்மையில் இதுதான், கதவு அல்ல. பழைய வீடுகளில் இது முழங்கால் உயரம்கூட இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் அதன்மேல் உட்கார்ந்து, காலணியைக் கழற்றாமலே தேநீர் குடித்துப் பேசிவிட்டுப் போவார். ஏற்றம் மிக அதிகமான இடங்களில் நடுவே ஒரு பலகைப் படி போடுவார்கள், அது 'ஷிக்கிதாய்'. புதிய அடுக்குமாடி வீடுகளில் முதியோரையும் சக்கர நாற்காலியையும் கருதி ஏற்றத்தைச் சில சென்டிமீட்டராகக் குறைத்துவிட்டார்கள். ஆனால் சமதளமாக இருக்கும் இடத்திலும் தரையின் நிறத்தையோ பொருளையோ மாற்றி எல்லையைக் காட்டிவிடுவார்கள்.

சுவரோரம் நிற்கும் காலணி அலமாரி 'கெத்தாபாக்கோ'. கெத்தா என்பது அடியில் இரு பற்கள் வைத்த மரக் காலணி. பாக்கோ என்றால் பெட்டி. கெத்தாவை இன்று கோடைத் திருவிழாவிலும் வெந்நீர் ஊற்று ஊர்களிலும்தான் அதிகம் பார்க்க முடியும். என்றாலும் ஓட்டப்பயிற்சிக் காலணியை வைக்கும் அலமாரிக்கும் பெயர் கெத்தாபாக்கோதான். 'குத்சுபாக்கோ' என்றும் சொல்லலாம், அது நேரடியாகக் காலணிப் பெட்டி.

ஜப்பானிய வீடுகளின் முன்கதவு பெரும்பாலும் வெளிப்பக்கமாகத் திறப்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்பக்கமாகத் திறந்தால் கழற்றி வைத்த காலணிகளை எல்லாம் கதவு இழுத்துத் தள்ளிவிடும் என்பது அதற்கு முக்கியக் காரணம்.

ஒருவர் வீட்டுக்குப் போகும்போது காலணியைக் கழற்றும் முறை என்ன?

கதவைத் தாண்டியதும் தத்தாக்கியில் நின்று 'ஓஜமா ஷிமாசு' என்று சொல்ல வேண்டும். உங்களுக்குத் தொந்தரவு கொடுக்க வருகிறேன் என்பது நேர்ப்பொருள். வீட்டுக்குள் வரும் விருந்தினர் அனைவரும் சொல்லும் வணக்கச் சொல் அது. வீட்டுக்காரர் 'ஓஅகரி குதசாய்' என்பார். 'அகரு' என்றால் மேலே ஏறுவது. 'உள்ளே வாருங்கள்' என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் 'மேலே ஏறுங்கள்' என்கிறார்கள்.

ஏறும்போது முகம் வீட்டை நோக்கி இருக்கட்டும். காலணியைக் கழற்றி அப்படியே நேராக மேலே ஏறுங்கள். கழற்றிய காலை மறுபடி தத்தாக்கியில் வைக்காதீர்கள். அந்தத் தரையின் மண் காலுறையில் ஒட்டி உள்ளே போய்விடும். புதிதாக வருகிறவர்களிடம் அடிக்கடி நடக்கும் பிழை இதுதான். வீட்டுக்காரர் பார்த்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் கவனிப்பார். ஏறியபின் முழுமையாக முதுகு காட்டாமல் சற்றுப் பக்கவாட்டில் திரும்பி, முழந்தாளிட்டு, உங்கள் காலணியின் முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி, நடுவில் இல்லாமல் ஓரமாக வையுங்கள். புறப்படத் தயாராக முனை வெளியே பார்க்க வைப்பதை 'தெஃபுனே' என்பார்கள். துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பல் என்று பொருள்.

வந்தவுடனே முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக ஏறினால் காலணி தானாகவே வாசலைப் பார்த்திருக்குமே என்று தோன்றும். வேலை மிச்சம்தான், ஆனால் வரவேற்க நிற்பவருக்கு முதுகைக் காட்டுவது மரியாதைக் குறைவு. விடுதியிலும் பெரிய உணவகங்களிலும் காலணியை எடுத்து வைக்க ஆள் இருந்தால் நீங்கள் தொட வேண்டாம்.

ஜென் கோயில்களின் வாசலில் 'கியாக்கா ஷோக்கோ' என்று எழுதிய பலகையைப் பார்க்கலாம். உன் காலடியைப் பார் என்பது பொருள். தன்னைத் தானே உற்றுநோக்கு என்ற ஜென் போதனை அது. காலணியை ஒழுங்காக வை என்ற சாதாரண அறிவுரையாகவும் அதே பலகை பயன்படுகிறது. இரண்டும் வேறு வேறல்ல என்றே அங்குள்ள துறவிகள் சொல்வார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

'சுரிப்பா' என்பது ஆங்கிலச் சொல்தானே? அதற்கு முன் என்ன அணிந்தார்கள்?

ஆம், ஸ்லிப்பர்தான் சுரிப்பா ஆனது. அது வருவதற்கு முன் வீட்டுக்குள் வெறுங்கால், குளிரிலும் முறையான நேரங்களிலும் தாபி எனப்படும் துணிக் காலுறை, அவ்வளவுதான்.

சுரிப்பா பிறந்த விதம் சுவையானது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் யொகொஹாமா போன்ற துறைமுகங்கள் வெளிநாட்டவருக்குத் திறக்கப்பட்டன. வந்த மேலைநாட்டவர்களுக்குக் காலணியைக் கழற்றும் பழக்கம் இல்லை. விடுதிகளிலும் கோயில்களிலும் தத்தாமிப் பாயின்மேல் சப்பாத்தோடு நடந்தார்கள். 1870களில் தோக்கியோவின் தையற்கலைஞர் ஒருவர் இதற்குத் தீர்வாக, சப்பாத்தின்மேலேயே போட்டுக்கொள்ளும் உறை போன்ற ஒன்றைத் தைத்துக் கொடுத்தார் என்றும், ஜப்பானிய சுரிப்பாவின் தொடக்கம் அதுவே என்றும் சொல்கிறார்கள். பாயைக் காப்பாற்ற வந்தது பின்னாளில் பாய்மேல் மட்டும் அணியக் கூடாத பொருளாகிவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மரத்தரை அறைகள் பெருகியபோது சுரிப்பா எல்லா வீட்டுக்கும் வந்தது.

யமகாத்தா மாகாணத்தின் கஹொக்கு என்ற சிற்றூர் சுரிப்பா உற்பத்திக்குப் பெயர்பெற்றது. முன்பு அங்கே உழவர்கள் பனிக்காலத்தில் வைக்கோலால் 'ஸோரி' என்ற தட்டைச் செருப்புப் பின்னிவந்தார்கள். அந்தக் கைப்பழக்கமே சுரிப்பாத் தொழிலுக்கு வழிவிட்டது.

குதிகாலையும் மூடும் வகைக்கு 'ரூமு ஷூஸு' என்று பெயர். கோடைக்கென்று இகுசா என்ற கோரையால் வேய்ந்த சுரிப்பா உண்டு. வியர்வை உறிஞ்சும், வாசமாகவும் இருக்கும். பழைய துணியைக் கிழித்துத் திரித்துப் பின்னும் 'நுனோஸோரி' வீட்டில் பின்னிக்கொள்ளக்கூடியது.

தத்தாமி அறைக்குள் சுரிப்பா ஏன் கூடாது?

தத்தாமியின் மேற்பரப்பு கோரை நெசவு. சுரிப்பாவின் அடிப்பாகம் உரசினால் கோரை நார் கிழியும், மங்கும். அதைவிடப் பெரிய காரணம், அந்தப் பாயில்தான் உட்காருகிறார்கள், உண்கிறார்கள், இரவில் மெத்தை விரித்து உறங்குகிறார்கள். நாற்காலியின் இருக்கையில் செருப்புக் காலை வைப்போமா? அப்படித்தான் அது. சுரிப்பாவை அறைவாசலில், முனை வெளிப்பக்கம் பார்க்கக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நுழையுங்கள். பாயின் துணி விளிம்பான 'ஹெரி'யை மிதிக்காமல் நடப்பது நல்லது; முற்காலத்தில் அதில் குடும்ப முத்திரை நெய்யும் வழக்கம் உண்டு.

கழிப்பறைக்குத் தனிக் காலணியா?

ஆமாம், 'தோய்ரே சுரிப்பா'. கழிப்பறைக்குள் மட்டும் இருக்கும். நிறத்தாலோ பொருளாலோ வேறுபட்டுத் தெரியும். பெரும்பாலும் எளிதில் கழுவக்கூடிய பிளாஸ்டிக். வீட்டு சுரிப்பாவை வாசலில் விட்டு, உள்ளே இதில் காலை நுழைக்க வேண்டும். வெளியே வரும்போது மறக்காமல் மாற்ற வேண்டும். மறந்து அதோடு வரவேற்பறைக்கு வந்துவிடுவது வெளிநாட்டவருக்கு மட்டும் நேர்வதல்ல, ஜப்பானியர்களுக்கும் நடக்கும். 'சுமிமாசென்' (மன்னியுங்கள்) என்று சொல்லிவிட்டுத் திரும்பிப்போய் மாற்றிக்கொண்டால் முடிந்தது. இப்போதைய இளம் குடும்பங்கள் பல இந்தத் தனி சுரிப்பாவையே விட்டுவிட்டன. ஆகவே, இருந்தால் அணியுங்கள், இல்லையென்றால் தேட வேண்டாம்.

வெறுங்காலோடு போகலாமா?

இதை நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். செருப்புப் போட்டு, காலுறை இல்லாமல் பழகியவர்கள் நாம். ஜப்பானில் சொந்த வீட்டில் வெறுங்காலோடு இருப்பவர்கள் ஏராளம், நெருங்கிய நண்பர் வீட்டிலும் பாதகமில்லை. முதல்முறை போகும் வீடு, மேலதிகாரி வீடு, தத்தாமி விரித்த உணவகம் என்றால் காலுறை அணிவதே மரியாதை. வியர்த்த வெறுங்கால் பிறர் வீட்டுப் பாயில் படுவதை அவர்கள் விரும்புவதில்லை. கோடையில் செருப்போடு புறப்பட்டால் பையில் ஒரு ஜோடிக் காலுறையைப் போட்டுக்கொண்டு, கெங்கானில் அணிந்துகொண்டு ஏறுங்கள். ஓட்டை இல்லாத காலுறையாக இருக்கட்டும்.

பள்ளிப் பிள்ளைகள் அணியும் வெள்ளைக் காலணி எது?

அதன் பெயர் 'உவபாக்கி'. 'உவ' மேல், 'பாக்கி' அணிவது; அதாவது மேல்தரையில் அணிவது. வெளியே அணிவதற்கு 'ஷித்தபாக்கி' அல்லது 'சோத்தோபாக்கி' என்று பெயர். பள்ளியின் நுழைவாயிலை கெங்கான் என்று சொல்வதைவிட 'ஷோக்கோகுச்சி' என்றே பெரும்பாலும் சொல்வார்கள். அங்கே வரிசை வரிசையாகக் கெத்தாபாக்கோ. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கூண்டு. காலையில் தெருக் காலணியைக் கூண்டில் வைத்து உவபாக்கிக்கு மாறுவார்கள், மாலையில் திரும்ப மாறுவார்கள். தொடக்கப் பள்ளி முதல் மேல்நிலைப் பள்ளி வரை பெரும்பாலான பள்ளிகளில் இதுதான் நடைமுறை. உடற்பயிற்சிக் கூடத்துக்கு இன்னொரு காலணி கேட்கும் பள்ளிகளும் உண்டு.

உவபாக்கி வெள்ளைத் துணியும் ரப்பர் அடியும் கொண்ட எளிய காலணி. சிறுவர்களுக்குப் புறங்காலின் குறுக்கே ஒரு நெகிழிப் பட்டை இருக்கும், கயிறு கட்ட வேண்டியதில்லை. பல பள்ளிகளில் முனை ரப்பரின் நிறம் ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். பச்சை நிறத்தோடு சேர்ந்த வகுப்பு மூன்றாண்டும் பச்சையாகவே இருந்து படித்து முடித்துப் போகும், அடுத்து வரும் புதியவர்களுக்கு அந்தப் பச்சை சேரும். பெயரை மேல்புறத்திலோ குதிகாலிலோ எழுதியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அதற்கென்று தைத்த சிறு பையில் வீட்டுக்கு எடுத்துவந்து, சனி ஞாயிறில் தூரிகையால் தேய்த்துக் கழுவிக் காயவைத்துத் திங்களன்று கொண்டுபோவார்கள். பல வீடுகளில் அதைப் பிள்ளைகளே செய்ய வேண்டும். வகுப்பறையையும் நடையையும் துடைப்பதும் மாணவர்கள்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். தான் துடைக்கும் தரையில் தான் கழுவிய காலணியோடு நடக்கும் பிள்ளைக்குத் தூய்மையைப் பாடமாகச் சொல்லித்தர வேண்டியிருக்காது. பள்ளிக் கல்வியில் நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு இது.

ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஹொக்காய்தோவிலும் கன்சாய் பகுதியிலும் 'உவகுத்சு' என்பார்கள். வடகிழக்கில் 'உச்சிபாக்கி' கேட்கும். ஹொக்குரிக்கு பக்கம் 'ஸுக்கு' என்ற சொல் சேர்ந்துவரும். துணி என்று பொருள்படும் டச்சுச் சொல்லான 'தூக்' என்பதிலிருந்து வந்தது, நாகசாக்கியில் டச்சு வணிகர்கள் இருந்த காலத்தின் மிச்சம். ஒருவர் சொல்லும் சொல்லை வைத்து அவர் எந்தப் பகுதியில் படித்தவர் என்று ஜப்பானியர்கள் ஊகிப்பதுண்டு.

பள்ளிக் கதைகளிலும் அனிமேயிலும் கெத்தாபாக்கோ ஏன் இவ்வளவு வருகிறது என்பவர்களுக்கு: அது ஒருவருக்கே உரிய, ஆனால் பூட்டில்லாத இடம். காதல் கடிதமும் காதலர் தின சாக்லெட்டும் அங்கே வைக்கப்படும். வருத்தமான பக்கமும் உண்டு. ஒரு பிள்ளையின் உவபாக்கியை ஒளித்துவைப்பது சகமாணவர் கொடுமையின் அடையாளங்களில் ஒன்று. பிள்ளை காலணி காணவில்லை என்றோ, விருந்தினர் சுரிப்பாவோடு வகுப்பில் இருந்ததாகவோ சொன்னால், அங்கே பிள்ளைகளை வளர்க்கும் நம் பெற்றோர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல் உடனே வகுப்பாசிரியரிடம் பேச வேண்டும்.

பெற்றோர் பள்ளிக்குப் போகும்போது?

மடக்கிப் பையில் வைக்கும் சுரிப்பாவைக் கையோடு கொண்டுபோக வேண்டும். 'கெய்த்தாய் சுரிப்பா' என்று கேட்டால் கடையில் கிடைக்கும். கழற்றிய காலணியைப் போட்டுக்கொள்ள ஒரு பையும் தேவை. பள்ளி அனுப்பும் அறிவிப்பில் இதைக் குறிப்பிட்டிருப்பார்கள். நுழைவு விழா, பட்டமளிப்பு விழா போன்றவற்றுக்குக் கறுப்போ கருநீலமோ பொருத்தம்.

'தொசொக்கு' என்று எழுதியிருந்தால்?

'தொ' மண், 'சொக்கு' கால். தெருவில் நடந்த காலணியோடு இருக்கும் காலைக் குறிக்கும். 'தொசொக்கு கின்ஷி' அல்லது 'தொசொக்கு கெங்கின்' என்ற பலகை இருந்தால் காலணியோடு ஏறக் கூடாது என்று பொருள். நான்கு சீன எழுத்துக்களில் எழுதப்படும் அந்தச் சொற்றொடரைப் பார்த்தவுடன் அடையாளம் காணப் பழகுங்கள். விளையாட்டு அரங்கு, வாடகை மண்டபம், குழந்தைகள் விளையாடும் இடம், சில கடைகளின் உடைமாற்றும் அறை எங்கும் இருக்கும். 'தொசொக்கு' மொழியிலும் ஆழமாக இறங்கியிருக்கிறது. பிறர் அந்தரங்கத்தில் உரிமையில்லாமல் தலையிடுபவரை, மனத்துக்குள் தொசொக்குவோடு மிதித்து ஏறுகிறார் என்பார்கள். கடுமையான கண்டனம் அது.

வினைச்சொற்களில் என்ன கவனிக்க வேண்டும்?

அணிதலுக்கு ஜப்பானியத்தில் ஒரே சொல் இல்லை. சட்டைக்குக் 'கிரு', தொப்பிக்குக் 'கபுரு', காலணி, காலுறை, கால்சட்டை என இடுப்புக்குக் கீழே அணிபவற்றுக்கு 'ஹாக்கு'. கழற்றுவது எல்லாவற்றுக்கும் 'நுகு'. ஒன்றைக் கழற்றி இன்னொன்றுக்கு மாறுவது 'ஹக்கிகாஎரு'. மருத்துவரின் வாசலிலும் பள்ளி வாசலிலும் உங்கள் காதில் விழப்போவது இந்தச் சொல்தான். காலணிகள் அனைத்துக்கும் பொதுப்பெயர் 'ஹாக்கிமோனோ'.

தாபி காலுறையா, காலணியா?

இரண்டுமாக இருக்கிறது. கட்டைவிரல் தனியாகவும் மற்ற நான்கும் சேர்ந்தும் பிரியும்படி தைத்த துணிக் காலுறை. அந்தப் பிளவில்தான் ஸோரியின் வார் நுழையும். பின்புறம் 'கொஹாஸே' என்ற சிறு உலோகத் தகடுகளை நூல் கண்ணியில் மாட்டி மூடுவார்கள். அளவு 'மோன்' என்ற பழைய அலகில் சொல்லப்பட்டது. ஒரு மோன் காசின் விட்டமே ஒரு மோன், சுமார் 2.4 சென்டிமீட்டர். காலின் நீளத்துக்குக் காசுகளை வரிசையாக அடுக்கி அளந்தார்கள்.

வெள்ளைத் தாபி மேல்தரையின் உச்சம் எனலாம். 'நோ' என்ற மரபு நாடகத்தின் மேடையில் வெள்ளைத் தாபி இல்லாமல் பொதுவாக யாரும் கால்வைப்பதில்லை. நடிகர் மட்டுமல்ல, இசைக்கலைஞரும் அப்படித்தான். தேநீர் விழாவுக்குப் போகிறவர்கள் வழியில் அணிந்த காலுறையைக் கழற்றிவிட்டுப் புது வெள்ளைத் தாபியோ வெள்ளைக் காலுறையோ அணிந்து அறைக்குள் நுழைவார்கள். சைத்தாமா மாகாணத்தின் கியோதா நகரம் தாபித் தையலால் வளர்ந்தது. 1938 வாக்கில் நாட்டின் தாபியில் சுமார் 80 விழுக்காடு அங்கே தயாரானது. தாபியைச் சேமித்துவைத்த கிடங்குகள் இன்றும் நிற்கின்றன.

அதே தாபிக்கு ரப்பர் அடி ஒட்டி வெளித்தரையில் இறக்கியது 'ஜிக்காத்தாபி'. கியூஷுவின் குருமே நகரில் தாபி தயாரித்துவந்த இஷிபாஷி சகோதரர்கள் 1920களின் தொடக்கத்தில் அதைப் பெருமளவில் விற்கத் தொடங்கினார்கள். சுரங்கத் தொழிலாளர்கள், உழவர்கள், கட்டடத் தொழிலாளர்களின் கால்களுக்கு அது பெரிய விடுதலை. அதுவரை ஒருநாளில் நைந்துபோகும் வைக்கோல் 'வராஜி'தான் அவர்களுக்கு. அந்த ரப்பர் அனுபவத்தோடு தம்பி ஷோஜிரோ 1931இல் டயர் நிறுவனம் தொடங்கினார். இஷி கல், பாஷி பாலம். குடும்பப் பெயரைத் திருப்பிப் போட்டு ஆங்கிலமாக்கியதுதான் பிரிட்ஜ்ஸ்டோன். உவபாக்கிக்குப் பெயர்பெற்ற மூன்ஸ்டார், ஆசாஹி நிறுவனங்களும் அதே குருமேயில் தாபித் தையலில் தொடங்கியவைதான்.

இவ்வளவு உறுதியாக இந்தப் பழக்கம் வேரூன்றக் காரணம் என்ன?

மழை, ஈரம், சேறு. ஜப்பானிய வீடு தரையிலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டு, அடியில் காற்று ஓட விடப்பட்டது. ஷிஸுவொக்காவின் தோரோ அகழாய்வில், சுமார் 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நெல் உழவர்களின் கிராமத்தில், தூண்மேல் உயர்த்திய களஞ்சியங்கள் இருந்த தடயம் கிடைத்தது. உயர்ந்த தரையிலேயே உட்கார்ந்து உண்டு உறங்கும் வாழ்க்கை பிறகு அதோடு சேர்ந்தது. நாற்காலியும் கட்டிலும் பரவிய நாடுகளில் தரை கால்களுக்கு மட்டும் உரியதாயிற்று. ஜப்பானில் தரையே இருக்கையாகவும் படுக்கையாகவும் 20ஆம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது.

இந்த எல்லை அரசியலிலும் குறுக்கிட்டிருக்கிறது. 1857இல் அமெரிக்கத் தூதர் டவுன்செண்ட் ஹாரிஸ் எடோ (இன்றைய தோக்கியோ) கோட்டையில், நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனைக் காணச் சென்றபோது, தெருவில் அணிந்ததை மாற்றி, மண் படாத புதிய காலணியோடு பாய்மேல் நடந்தார். ஷோகுன் இயெசாதா அடுக்கிய தத்தாமிகளின்மேல் உயர்த்தி அமர்த்தப்பட்டிருந்தார், நின்று பேசும் தூதருக்குத் தாழ்ந்து தெரியக் கூடாது என்பதற்காக. இரு தரப்பும் விட்டுக்கொடுக்காமலும் அவமதிக்காமலும் கண்ட வழி அது.

கடைகளிலும் காலணியைக் கழற்றினார்களா?

1923 வரை பெரிய பல்பொருள் அங்காடிகளில்கூட அப்படித்தான். மித்சுகோஷி போன்றவை கிமோனோத் துணிக்கடைகளாகத் தொடங்கி வளர்ந்தவை; பாய்த்தரையில் உட்கார்ந்து துணி பார்த்த பழக்கம் தொடர்ந்தது. வாசலில் 'கெசொக்குபான்' என்ற பணியாளர் காலணியை வாங்கிக்கொண்டு 'கெசொக்குஃபுதா' என்ற எண்பலகையைத் தருவார். கூட்டம் பெருகியபோது ஆயிரக்கணக்கான ஜோடிகளைக் காப்பது பெரும்பாடானது. 1923 செப்டம்பர் 1 அன்று நேர்ந்த கான்தோ பெருநிலநடுக்கத்தில் தோக்கியோவின் கடைகள் அழிந்து, மீண்டும் எழுந்தபோது காலணியோடு உள்ளே விடும் முறை பரவிவிட்டது.

எண்பலகையின் வழித்தோன்றலை இன்றும் பொதுக் குளியலகமான 'செந்தோ'வின் காலணிப் பெட்டிகளில் பார்க்கலாம், மரப்பலகைதான் சாவி. குடியுணவகங்களிலும் அதே. 'கெசொக்கு' என்ற சொல் சுருங்கி சூஷிக் கடைக்குள்ளும் போயிற்று: கணவாய் மீனின் கால்களுக்கு அங்கே 'கெசோ' என்று பெயர். சூஷி சமையற்காரரிடம் கேட்டுப் பாருங்கள், மகிழ்ந்து சொல்வார்.

இன்று எங்கே கழற்ற வேண்டும், எங்கே வேண்டாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தரையைப் பாருங்கள். ஏற்றமோ, தரைப்பொருள் மாற்றமோ, வரிசையாகக் காலணியோ சுரிப்பாவோ தெரிந்தால் கழற்றுங்கள். நிறுவன அலுவலகம், பல்கலைக்கழகம், பெரிய மருத்துவமனை, அங்காடி, நவீன தங்குவிடுதியின் நடைகள் ஆகியவற்றில் காலணியோடு போகலாம். சிறு மருத்துவர் அகங்களில் சில இன்னும் சுரிப்பாவுக்கு மாறச் சொல்லும்; புற ஊதா ஒளியில் சுரிப்பாவைக் கிருமிநீக்கும் பெட்டி வாசலில் இருக்கும். கியோத்தோவின் நிஜோ கோட்டை அரண்மனையில் காலணியைப் பெட்டியில் விட்டு, பறவை கீச்சிடுவதுபோல் ஒலிக்கும் பலகை நடையில் நடக்க வேண்டும். ஹிமேஜி கோட்டையில் காலணியைப் பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு செங்குத்தான மரப்படிகளில் ஏற வேண்டும். அதற்குச் சுரிப்பாவைவிடத் தடித்த காலுறை பாதுகாப்பு.

கயிறு கட்டும் உயரமான காலணியைப் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு நாளில் எத்தனை முறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும் என்பது போனால்தான் தெரியும்.

காலணி தொடர்பான நம்பிக்கைகள் உண்டா?

புதுக் காலணியை இரவில் முதன்முதலாக அணிந்து வெளியே போகக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். முற்காலத்தில் இரவில் நடந்த இறுதிச் சடங்கின்போது பிணப்பெட்டியைச் சுமப்பவர்கள் அறைக்குள்ளேயே ஸோரி அணிந்து அப்படியே வெளியே இறங்குவார்கள். தரை எல்லையை வேண்டுமென்றே மீறும் ஒரே நேரம் அது. புதுக் காலணியை உள்ளேயே போட்டுப் பார்த்து அப்படியே படியிறங்குவது அந்த நினைவைக் கிளறுகிறது. இன்றும் சிலர் அடிப்பாகத்தில் கொஞ்சம் கரி தடவிப் 'பழையது' ஆக்கிவிட்டுத்தான் இறங்குவார்கள்.

பரிசாகக் காலணி, சுரிப்பா, காலுறை ஆகியவற்றை மூத்தவர்களுக்கோ மேலதிகாரிக்கோ கொடுக்காதீர்கள். காலால் மிதிப்பது என்ற பொருள் வந்துவிடும். நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும் கொடுப்பதில் தடையில்லை. மூத்தவரே கேட்டு வாங்கினால் அது வேறு.

முதியவர்களுக்குச் சுரிப்பா நல்லதா?

இல்லை. குதிகால் மூடாத சுரிப்பா நழுவி விழ வைக்கும். நோயாளிகள் சுரிப்பா அணிய வேண்டாம், குதிகால் மூடிய காலணி கொண்டுவாருங்கள் என்று பல மருத்துவமனைகள் சொல்கின்றன. 'கய்கோ ஷூஸு' எனப்படும் பராமரிப்புக் காலணிகள் இதற்கென்றே வந்தவை. ககாவா மாகாணத்தின் தொக்குதாக்கே என்ற நிறுவனம் 1995இல் 'அயுமி' என்ற பெயரில் இவற்றை விற்கத் தொடங்கியது. ஒரு காலுக்கு மட்டும் தனியாகவும், இரு கால்களுக்கு இரு அளவாகவும் வாங்கலாம். வீங்கிய காலோ வாதம் வந்த காலோ உள்ள ஒருவர் இரண்டு ஜோடி வாங்கி ஒன்றை வீசவேண்டிய நிலை அதனால் போயிற்று. முதியவர்கள் அணிந்து பார்த்துச் சொன்னதைக் கேட்டே அதைச் செய்தார்கள்.

நிலநடுக்கம் வந்தால் கழற்றும் விதி என்னாகும்?

விதி அங்கேயே நிற்கும், நீங்கள் நிற்காதீர்கள். 1995 ஜனவரி 17 அதிகாலை 5.46க்குக் கோபே பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது மக்கள் படுக்கையில் இருந்தார்கள்; இருட்டில் உடைந்த கண்ணாடியும் பாத்திரமும் சிதறிய தரையில் வெறுங்காலோடு நடந்து பலர் காயப்பட்டார்கள். அதனால் அடி தடித்த சுரிப்பாவோ பழைய காலணியோ படுக்கைக்கு அருகில் வைத்திருக்கும்படி நகராட்சிகள் அறிவுறுத்துகின்றன. கண்ணாடித்துகள் விழாமலிருக்க அதை ஒரு பையில் போட்டு, கைவிளக்கோடு சேர்த்துக் கட்டில் காலில் கட்டிவையுங்கள். அங்கே வாடகை வீடு எடுக்கும் ஒவ்வொரு மாணவரும் முதல் நாளே செய்யவேண்டியது இது.

தங்குமிடமாக மாறும் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனதும் விதி மறுபடி தொடங்கும். நூற்றுக்கணக்கானோர் அந்தத் தரையிலேயே படுப்பார்கள். காலணி மண் தூசியாகி மூச்சில் போனால் முதியவர்களும் குழந்தைகளும் நோயில் விழுவார்கள். அதனால் வாசலிலேயே காலணியைக் கழற்றிப் பையில் போட்டு, பெயர் எழுதி, தன் இடத்துக்கு எடுத்துப்போகச் சொல்வார்கள். அவசரப் பையில் மடிக்கும் சுரிப்பா ஒன்று இருந்தால் அங்கே உதவும்.